சென்னை நகரத் திட்டமிடல் வரலாறு

தமிழ்நாட்டின் கடலோரத் தலைநகரான சென்னையில் நவீன நகரமைப்பு, 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனி மதராசப்பட்டினத்தில் நிலம் பெற்றதிலிருந்து தொடங்குகிறது. அதற்கு வெகுகாலம் முன்பே திருவல்லிக்கேணி, திருவொற்றியூர் போன்ற ஊர்கள் கோயிலும் குளமும் மாடவீதியுமாக ஒழுங்குபெற்றிருந்தன. இத்தகைய ஊர்களை அடுத்தடுத்துச் சேர்த்துக்கொண்டுதான் மாநகரம் விரிந்தது. அந்த விரிவில் ஏரி, குளம், சதுப்பு எல்லாம் வெறும் காலி மனைகளாகவே கருதப்பட்டன. நகரின் இன்றைய துன்பங்கள் பலவற்றின் வேர் இதுவே.

முதல் பெரிய மாற்றம் போரால் வந்தது. கம்பெனி கட்டிய புனித ஜார்ஜ் கோட்டையின் வடசுவரை ஒட்டியிருந்த, இந்தியக் குடிகள் வாழ்ந்த கறுப்பர் நகரம், 1746-இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்ததிலிருந்து படிப்படியாக இடிக்கப்பட்டது. எதிரி மறைந்து நெருங்க வழியிருக்கக் கூடாது என்பதே காரணம். குடிகள் வடக்கே முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டைப் பக்கம் தள்ளப்பட்டனர். இடையிலிருந்த வெட்டவெளியில் வீடு கட்டக்கூடாத எல்லையைக் காட்ட 1773-இல் ஆறு தூண்கள் நடப்பட்டன. அவற்றில் ஒன்று பாரிமுனையில், டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரத்தில் இன்றும் நிற்கிறது. பழைய குடியிருப்பு இருந்த இடத்தில்தான் 1892-இல் உயர் நீதிமன்றம் எழுந்தது. புதிய கறுப்பர் நகரம் 1906-இல் ஜார்ஜ் டவுன் ஆனது.

1875-இல் தொடங்கிய துறைமுகப் பணி கடற்கரையையே மாற்றியது. தெற்கிலிருந்து கரையோரமாக வரும் மணலை அலைதடுப்புச் சுவர்கள் மறித்ததால், தென்பக்கம் மணல் சேர்ந்து மெரினா அகன்றது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1880-களில் அங்கே உலாச்சாலை அமைத்தார். மணல் வரத்து நின்ற வடபக்கத்திலோ இராயபுரம் தொடங்கிக் கடல் கரையை அரித்தது. மீனவர் குப்பங்கள் நிலத்தை இழந்தன. மெரினாவின் அழகைப் பேசும்போது வடசென்னை கொடுத்த இந்த விலையையும் சேர்த்தே பேச வேண்டும்.

1920-இல் மதராஸ் நகரத் திட்டமிடல் சட்டம் வந்தது. அதையொட்டி, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியை வடித்து மாம்பலம் குடியிருப்புத் திட்டம் தொடங்கியது. அதுவே தியாகராய நகர். பனகல் பூங்காவை நடுவில் வைத்துச் சாலைகள் பல திசைகளிலும் பிரிந்தன. பூங்கா, கடைத்தெரு, வீட்டுமனை எல்லாம் முன்கூட்டியே அளந்து ஒதுக்கப்பட்டன. உஸ்மான் சாலை, பாண்டி பஜார் என அன்று ஆட்சியிலிருந்த நீதிக்கட்சியினர் பெயர்கள் நிலைத்தன. திட்டமாக மட்டும் பார்த்தால் சென்னையில் இதற்கு இணை குறைவு. ஆனால் மழைநீரைத் தாங்கிய பரப்பு போனது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இருக்கிறது, ஏரி இல்லை. 1931-இல் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கியதும் குடியேற்றம் தெற்கே வேகமெடுத்தது.

விடுதலைக்குப் பின் வீட்டுவசதி வாரியம் 1961-இலும் குடிசை மாற்று வாரியம் 1970-இலும் அமைந்தன. குடிசை மாற்று வாரியத்தின் தொடக்ககாலப் பணி பெரும்பாலும் மக்கள் வாழ்ந்த இடத்திலேயே அடுக்குவீடு கட்டித் தருவதாக இருந்தது. 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி எனத் தொலைவில் குடியமர்த்தல் பெருகியது. வேலையும் பள்ளியும் எட்டாத தூரத்துக்குப் போய், தாழ்நிலத்தில் வெள்ளத்தையும் தாங்கினார்கள் அம்மக்கள். இந்த வரலாற்றின் பெரும் அநீதி இது.

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் 1970-களில் உருவாகி, முதல் முழுமைத் திட்டம் அப்பத்தாண்டிலேயே நடைமுறைக்கு வந்தது. நெரிசலைக் குறைக்கக் கொத்தவால்சாவடிச் சந்தையும், பின்னர் வெளியூர்ப் பேருந்து நிலையமும் கோயம்பேட்டுக்கு மாறின. இரண்டாம் திட்டம் 2008-இல் வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரையும் தென்புறநகரும் மூழ்கியபின் நீர்நிலைகளைக் காப்பது பொது விவாதமானது. 2022-இல் பள்ளிக்கரணைச் சதுப்பு, பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி பெற்றது. அதே ஆண்டில் 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகரப் பகுதியை 5,904 ஆக விரிவாக்க அரசு ஆணையிட்டது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் பாசன ஏரிகள் பலவும் இப்போது அந்த எல்லைக்குள் வருகின்றன.