இராதாகிருஷ்ணன், சர்வபள்ளி (1888–1975): சமய, மெய்யியல் கொள்கைகள்

இந்திய அரசியல் நிர்ணய சபை உறுப்பினரும் குடியரசின் இரண்டாம் தலைவருமான (1962–67) சர்வபள்ளி இராதாகிருஷ்ணனின் சமயக் கொள்கை, அத்துவைத வேதாந்தத்தில் வேரூன்றிய கருத்துமுதல்வாதம் ஆகும். 1960 வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருத்தணியில் பிறந்த அவர், திருப்பதி லூத்தரன் மிஷன் பள்ளி, வேலூர் ஊரீசு கல்லூரி, சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஆகியவற்றில் பயின்றார். உலகைப் பொய்யெனக் கொள்ளும் வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்ற மிஷனரி விமர்சனம் அவரைச் சிந்திக்க வைத்தது. வேதாந்த அறவியல் பற்றிய முதுகலை ஆய்வேடு (1908) அதற்கு அவர் தந்த முதல் மறுமொழி. மாயை என்பது உலகின் பொய்ம்மையன்று, பிரம்மத்தைச் சார்ந்திருக்கும் அதன் நிலை என அவர் விளக்கினார். சங்கரரின் மரபுவழி உரைகாரர்கள் இதை முழுதும் ஏற்கமாட்டார்கள். ஆயினும் அறச்செயலுக்கு மெய்யியல் அடித்தளம் தந்த வகையில் இவ்விளக்கம் வலுவானது.

சமயத்தின் சாரம் கோட்பாடோ சடங்கோ அன்று, நேரடி அனுபவமே என்பது அவரது மையக் கருத்து. 1929ஆம் ஆண்டின் ஹிப்பர்ட் சொற்பொழிவுகளிலிருந்து உருவான நூல் (1932), உள்ளுணர்வைப் பகுத்தறிவுக்கு எதிரானதாக அல்லாமல் அதன் நிறைவாகக் காட்டுகிறது. எல்லாச் சமயங்களையும் மதிப்பதாகக் கூறியவர், பரம்பொருள் வழிபாட்டை உச்சத்திலும் உருவ வழிபாட்டைக் கீழ்ப்படியிலும் வைத்தது சமத்துவமாகுமா என்ற ஆட்சேபம் நியாயமானது. கீழ்ப்படியில் நிற்பவரையும் விலக்கவில்லை என்பது அவர் தரப்பு விடை. படிநிலை என்னவோ அப்படியே எஞ்சுகிறது. வருணப் பிரிவுக்கு அவர் தொடக்கத்தில் அளித்த நியாயமும் இத்தகைய குறையே. அரசின் சமயச்சார்பின்மை இறைமறுப்பன்று, எந்தச் சமயத்துக்கும் தனிச்சலுகை தராமையே என்ற அவரது நிலைப்பாடோ அனுபவக் கொள்கையிலிருந்து நேரே பிறக்கிறது: மெய்யை நேரில் உணர வேண்டியவன் தனிமனிதன் எனின், அதை ஆணையிட அரசுக்கு உரிமையில்லை.