ஆட்டுக்கிடாய்க் கடிகாரமும் ஆடும் கப்பலும்

திருநெல்வேலிச் சீமையிலிருந்து திருவனந்தபுரம் போகிறவர்கள், அனந்தபத்மநாப சுவாமியைச் சேவித்துவிட்டு வெளியே வந்ததும், எதிரே உள்ள பழைய மாளிகை ஒன்றின் முகப்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அங்கே ஒரு கடிகாரம் இருக்கிறது. அதற்கு மேலே தாடி வைத்த ஒரு முகம். முகத்துக்கு இருபுறமும் இரண்டு ஆட்டுக்கிடாய்கள். விசை சரியாக இருக்கும் நாட்களில், மணி அடிக்கும் சமயம் முகம் வாயைத் திறக்கும். கிடாய்கள் பாய்ந்து வந்து கன்னத்துக்கு ஒன்றாக முட்டும். பத்து வயசுப் பையனும் பல் போன கிழவரும் ஒரே மாதிரி சிரிப்பார்கள்.

மேத்தன் மணி என்று அதற்குப் பெயர். மேத்தன் என்பது அந்தச் சமஸ்தானத்தில் முஸ்லிம்களைக் குறிக்க வழங்கிய பழைய சொல். தாடிக்கும் ஆட்டுக்கும் ஆளுக்கொரு கதை கட்டிச் சொல்கிறார்கள். அந்தக் கதைகளில் எனக்கு ருசி இல்லை. உள்ளே இருக்கும் யந்திரத்தில்தான் என் ஆசை.

கடிகாரம் 1840-ஐ ஒட்டி ஏற்பட்டது. அப்போது ராஜா சுவாதித் திருநாள். 1829 முதல் 1846 வரை ஆண்டவர், தாமே கீர்த்தனங்கள் இயற்றிய சங்கீத ரசிகர். ஆலப்புழையில் வியாபாரப் பிரதிநிதியாக இருந்த ஜான் கால்டிகாட் என்ற ஆங்கிலேயருக்கு வான சாஸ்திரத்தில் பித்து. அவர் தூண்டுதலால் 1837-ல் திருவனந்தபுரத்தில் ஒரு வானாராய்ச்சி நிலையம் எழுந்தது. கடிகார யோசனையும் அவருடையதுதான் என்பார்கள். செய்து முடித்தவர்? வஞ்சியூர் குளத்துக்காரன். பெயரா இது? ஊரையோ குளத்தையோ சொல்லிக் கூப்பிட்ட கூப்பாடு. அவ்வளவுதான் நமக்கு மிச்சம்.

இதை நினைக்கும்போதெல்லாம் என் மனசு பாரிஸுக்குப் போய்விடுகிறது. இப்படி ஆடுகிற, பாடுகிற யந்திரங்களுக்குத் தலைநகரம் அது. வோக்கன்சோன் என்பவர் 1738-ல் அங்கே ஆள் உயரப் பொம்மை ஒன்றைக் காட்டினார். துருத்தி மூச்சு விட, மர விரல்கள் துளைகளை மூடித் திறக்க, அது நிஜப் புல்லாங்குழலில் பன்னிரண்டு மெட்டுக்களை வாசித்தது. மூன்று வருஷம் கழித்து அவரையே அரசாங்கம் பட்டு நெசவுக்கு மேற்பார்வையாளராக நியமித்தது. பொம்மை செய்தவருக்குத் தறியில் என்ன வேலை என்று கேட்கவேண்டாம். பாட்டை நினைவில் வைக்கும் யந்திரம் பூவேலையை நினைவில் வைக்காதா? அவர் செய்து பார்த்த தறி, பின்னால் ஜக்கார் என்பவர் கையில் தேறியது. இன்று காஞ்சீபுரத்துத் தறிகளின் தலையில் உட்கார்ந்திருப்பது அந்த ஜக்கார்தான்.

இன்னொன்று, மாரி அந்துவானெத் ராணி வாங்கிய தந்தி வாத்தியப் பெண். உட்கார்ந்தபடியே இரண்டு சிறு சுத்திகளால் நாற்பத்தாறு தந்திகளைத் தட்டி எட்டு மெட்டுக்கள் வாசிப்பாள். கண்ணையும் கழுத்தையும் திருப்புவாள். 1784-ல் அதைச் செய்தவர்கள் ரென்ட்கன், கின்ட்சிங் என்ற இரண்டு ஜெர்மானியர்கள். பிரெஞ்சுப் பெருமையில் பாதி இரவல் என்று சொன்னால் பிரெஞ்சுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1793-ல் ராணியின் தலை போயிற்று. பொம்மை இன்னும் பாரிஸ் மியூசியத்தில் தலையோடு இருக்கிறது.

இவையெல்லாம் அரண்மனைச் சரக்கு. வீட்டுக் கூடத்துக்கு இறங்கி வந்தது பிறகுதான். 1796-ல் ஜெனீவாவில் ஃபாவ்ர் என்ற கடிகாரத் தொழிலாளி, மணியும் சுத்தியும் இல்லாமலே, எஃகு நாக்குகளை மீட்டிப் பாட்டு எழுப்பும் வழியைக் கண்டார். யந்திரம் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிட்டது. பிரான்சில் லெப்பே என்பவர் 1839-ல் செந்த் சூஸான் என்ற ஊரில் பட்டறை வைத்து இந்தச் சங்கீதப் பெட்டிகளைச் செய்து தள்ளினார். கடிகாரத்தின் பீடத்துக்குள் பெட்டியை ஒளித்து, மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் கப்பலோ காற்றாலையோ வைத்த பிரெஞ்சுக் கடிகாரங்கள் உலகமெங்கும் போயின.

அதில் ஒன்று தாமிரபரணிக் கரைக்கும் வந்து சேர்ந்தது. கல்லிடைக்குறிச்சியில், மலையாளத்தில் ஜவுளி வியாபாரம் செய்து தேடிய வீடு அது. கூடத்து மேஜையில் கண்ணாடிக் கவிழ்ப்புக்குள் காகிதக் கடல். அதன்மேல் ஒரு பாய்மரக் கப்பல். மணி அடித்து ஓய்ந்ததும் பீடத்துக்குள் ஏதோ கனைக்கும், பாட்டு கிளம்பும், கப்பல் அலையில் ஏறி இறங்கும். நான் எட்டாம் வகுப்புப் படித்த காலம். அந்த வீட்டுத் தாத்தா தயவில் எத்தனையோ மாலை அதன் முன்னே உட்கார்ந்திருக்கிறேன்.

உள்ளே இருப்பது இதுதான். ஒரு பித்தளை உருளை. அதன் உடம்பெல்லாம் மயிரிழை போன்ற முட்கள். உருளையை ஒட்டி எஃகுச் சீப்பு ஒன்று. உருளை சுற்றும்போது முள் ஒவ்வொன்றும் தனக்குரிய பல்லை நிமிண்டிவிட்டுப் போகும். அந்த நிமிண்டல்தான் ஸ்வரம். கீழ் ஸ்தாயிப் பற்களுக்கு அடியில் ஈயம் ஒட்டிக் கனம் ஏற்றியிருப்பார்கள். உருளை மயிரளவு பக்கவாட்டில் நகர்ந்தால் வேறு முட்கள் பற்களுக்கு நேராக வரும், வேறு பாட்டு. உருளைக்குள் அரக்குப் போன்ற பசையை உருக்கி ஊற்றி முட்களை அசையாமல் பிடித்து வைத்திருப்பார்கள். இத்தனையையும் தள்ளுவது ஒரு சுருள் வில். அதை அடக்குவது ஒரு காற்றாடி. நகத்தளவு தகடுதான், அது சுழன்று காற்றை எதிர்ப்பதால்தான் பாட்டு பாட்டாக வருகிறது.

ஒருநாள் பாட்டு இழுத்தாற்போல் ஒலித்தது. டவுனிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்தார்கள். கைக்கடிகாரத்தில் கைதேர்ந்தவர். பீடத்தைத் திறந்தார், காற்றாடியில் எண்ணெய் பிசுக்கு என்று கண்டார். சரியான நிதானந்தான். ஆனால் வில்லைத் தளர்த்தாமல் காற்றாடியின் திருகைக் கழற்றிவிட்டார். சாவி முழுசாகக் கொடுத்திருந்தது.

கர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஐந்து நிமிஷம் பாடவேண்டியதை உருளை மூன்று விநாடியில் பாடித் தீர்த்துவிட்டது. சீப்பின் பற்கள் மேஜைமேல் பொரிபோலச் சிதறின. முட்கள் வெள்ளத்தில் சாய்ந்த பயிராகப் படுத்துவிட்டன.

"என்ன ஓய் பண்ணிட்டீர்?" என்றார் தாத்தா.

"கை வழுகிட்டு, சாமி" என்றார் அவர். கை வழுகவில்லை என்று இருவருக்கும் தெரியும்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கற்ற தொழிலில் அப்படி ஒரு காற்றாடி கிடையாது. ஒவ்வொரு பல்லாக வைத்து ஒட்டி அரத்தால் ராவிச் சுருதி கூட்டவேண்டும். முட்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தவேண்டும். ஐரோப்பாவில் அதற்கென்றே ஆட்கள் உண்டு. இங்கே யார்? கடிகாரம் அப்புறமும் மணியைச் சரியாகத்தான் காட்டியது. கப்பல் மட்டும் அசையவில்லை.

சுருதிக்கு ராவும் வித்தை நமக்கு அந்நியமா என்றால், அதுவும் இல்லை. நெல்லையப்பர் கோயில் மணி மண்டபத்தில் ஒரே கல்லில் கொத்தாகச் செதுக்கிய தூண்களைத் தட்டிப் பாருங்கள். ஒன்று ஒரு ஸ்வரம் பேசும், அடுத்தது வேறு பேசும். பருமனும் நீளமும் மாறினால் நாதம் மாறும் என்பதை அறிந்த உளி அது. எஃகுப் பல்லுக்கும் கல்தூணுக்கும் கணக்கு ஒரே வழியில்தான் போகிறது. பாரிஸில் அந்தக் கணக்குத் தெரிந்தவன் பித்தளைத் தகட்டில் தன் பெயரை வெட்டிவைத்தான். பட்டறையில் சீடனையும் வைத்தான். நம் சிற்பியின் பெயர் கல்லில் இல்லை. யார் கட்டுவித்தார் என்று ராஜாவின் பெயரைத்தான் சொல்கிறோம்.

கால்டிகாட் 1849-ல் இறந்தார். அடுத்து வந்த ஜான் ஆலன் பிரௌன் இன்னும் பெரிய பித்தர். காந்த ஊசியின் அசைவைக் குறித்துக்கொள்ள 1855-ல் அகஸ்தியர் மலைமேல், ஆறாயிரம் அடி உயரத்துக்கும் மேலே, ஒரு நிலையம் கட்டினார். நம் தாமிரபரணி பிறக்கும் மலைதான். அட்டைக்கடியிலும் மழையிலும் கருவிகளைச் சுமந்துகொண்டு போனவர்கள் மலையறிந்த கூலிகள். அங்கே எடுத்த கணக்கெல்லாம் 1874-ல் பெரிய புஸ்தகமாக வெளிவந்தது. பிரௌனின் பெயர் அதில் கொட்டை எழுத்தில் இருக்கிறது.

குளத்துக்காரன் புஸ்தகம் எழுதவில்லை. கிடாய் இரண்டையும் ஒரே சமயத்தில் பாயவிடுவதற்கும், முட்டியதும் பின்வாங்க வைப்பதற்கும், வாய் திறப்பதற்கும் நெம்புகோல்களை எப்படிக் கோத்தார் என்பதை, பழுது பார்க்க ஏணியில் ஏறுகிறவர்கள் அவ்வப்போது அந்த யந்திரத்திடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.