ரேஸ் கண்டிஷன்

இரண்டு வேலைகளில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறிப்போகும் நிலை. மென்பொருளில் பிறந்த சொல் அல்ல இது. மின்சுற்றுத் துறையிலிருந்து வந்தது. டேவிட் ஹஃப்மன் எம்.ஐ.டி.யில் 1953-இல் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேட்டிலேயே காணக் கிடைக்கிறது. சுற்றுக்குள் இரண்டு சமிக்ஞைகள் ஓடிவரும். முந்தியது எதுவோ, அதுவே முடிவைத் தீர்மானிக்கும்.

மெய்நிகர் கணினிகளைத் தானியங்கியாக உருவாக்குபவர்களுக்கு இது அன்றாடத் தொல்லை. புதிய உபுண்டு கணினி எழுந்ததும் எஸ்எஸ்எச் இணைப்பு கிடைத்துவிடும். ஆனால் உள்ளே, முதல் தொடக்கத்தில் கணினியை அமைக்கும் கிளவுட்-இனிட் இன்னும் பேக்கேஜ்களை நிறுவிக்கொண்டிருக்கலாம். அந்நேரம் பார்த்து நம் ஸ்கிரிப்ட்டும் பேக்கேஜ் நிறுவும் ஆப்ட்டை அழைத்தால், அதன் பூட்டு கிடைக்காமல் பிழை காட்டி நின்றுவிடும். மறுபடி ஓட்டினால் ஒழுங்காக ஓடும். அதனாலேயே பலர் இதைப் பிழையென்று ஒப்புக்கொள்வதில்லை. அது பெரிய தவறு.

நடுவில் ‘ஸ்லீப் 30’ என்று எழுதுவது வைத்தியம் ஆகாது. மெதுவான கணினிக்கு 30 நொடி போதாது, வேகமானதற்கு வீண். கிளவுட்-இனிட்டின் ஸ்டேட்டஸ் கட்டளையை வெயிட் தெரிவுடன் முதலில் ஓட்டுங்கள். தொடக்க வேலைகள் முடிந்த பிறகே அது திரும்பும்.