சிங்கராஜ வனமும் ஒரு கம்பிச் சுருக்கும்

சப்ரகமுவத் தோட்டங்களின் வரலாறு காடழிப்பின் வரலாறுமாகும். 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும், பின்னர் தேயிலை, இறப்பருக்காகவும் இரத்தினபுரி, கேகாலை மலைச்சரிவுகள் வெட்டி வெளியாக்கப்பட்டன. நிலம் துரைமாருடையது, அதில் உழைத்த கைகள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்த நம்மவருடையவை. பயிரழிக்கும் யானைகளைச் சுட்டவர்களுக்கு அன்றைய அரசே சன்மானம் வழங்கியது. 1845இல் மின்னல் தாக்கி மாண்ட மேஜர் றொஜர்ஸ் 1,400 யானைகளைக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது.

எஞ்சிய மழைக்காடுகளுள் தலையாயது சிங்கராஜ வனம். அதன் மரங்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவை இலங்கைக்கு மட்டுமே உரியவை. 1970களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைக்காக அங்கும் இயந்திரங்கள் புகுந்தன. இயற்கை ஆர்வலர்கள் எதிர்த்துக் குரலெழுப்பினர். 1977இல் மரம் வெட்டுதல் நிறுத்தப்பட்டது. 1988இல் யுனெஸ்கோ அவ்வனத்தை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

காடு தப்பியது. ஆனால், தேயிலையும் காடும் சந்திக்கும் எல்லைகளில் உயிரினங்கள் இன்னும் தப்பவில்லை. 2020 மே மாதம், சிவனொளிபாதமலையின் மறுபுற அடிவாரமான நல்லதண்ணியில், தோட்டமொன்றின் கம்பிச் சுருக்கில் அரிதான கருஞ்சிறுத்தையொன்று சிக்கியது. உடவளவைக்குக் கொண்டுசென்று சிகிச்சையளித்தும் சில நாட்களில் அது இறந்தது.

இத்தகைய சுருக்குகள் பெரும்பாலும் காட்டுப்பன்றிக்கு வைக்கப்படுபவை. நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு, பன்றி கிளறிப்போடும் மரக்கறிப் பாத்தியும் பெரிய இழப்பே. அவ்விழப்புக்கு ஈடு செய்யாமல் தொழிலாளியை மட்டும் குற்றவாளியாக்குவது நீதியன்று. அதேவேளை, லயத்துப் பீலியில் வழியும் நீர் மேலேயுள்ள காட்டின் கொடை என்பதை நம்மவரும் மறத்தலாகாது.