மலை ஏறியோரும் கடல் கடந்தோரும்

போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டம் செல்வோரிடம் எவரும் கடவுச்சீட்டுக் கேட்பதில்லை. 1956இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. ஆயினும் மலை ஏறியோர் இந்தியக் குடிமக்களாகவே இருந்தனர். அதே வறுமையால் கடல் கடந்து இலங்கைத் தேயிலைத் தோட்டம் புகுந்தோர்க்கு அவ்வாறு வாய்க்கவில்லை. அங்கே பிறந்தவர்களிடமும் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ, அன்றேல் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. லயத்து அறையிற் பிறந்த பாட்டனுக்குப் பதிவு ஏது? திருமுழுக்குப் பதிவேட்டில் தந்தை பெயரைச் சொல்லும்போது அதன் கனத்தை நாம் எண்ணுவதில்லை.

1964 அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. அம்மக்களைக் கேட்டவர் இல்லை. 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. பின்னர் அகதிகளாய் வந்தோருள் மலையகத்தாரும் இருந்தனர்; தாயகம் திரும்பியோருக்குக் கிடைத்த உரிமை அவர்களுக்குக் கிட்டவில்லை. 1987 சூலை 1 முதல் முகாமிற் பிறந்த குழந்தைக்கு இந்திய மண்ணிற் பிறந்தது மட்டும் போதாது. தந்தையோ தாயோ இந்தியக் குடிமகரா என்று இங்கும் கேட்கிறார்கள்.