ஊரை அடைத்துக்கொண்ட ஈம்

இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் உள்ள ஈம் கிராமத்துக்கு வருகிறவர்கள் தேவாலயத்தருகே இருக்கும் பழைய கல் வீடுகளின் முன்தான் அதிக நேரம் நிற்கிறார்கள். அங்கே பிளேக்கில் செத்தவர்களின் பெயர்கள் வாசல் பலகைகளில் வரிசையாக இருக்கின்றன.

1665 செப்டம்பரில் லண்டனிலிருந்து தையல்காரர் வீட்டுக்கு ஒரு துணிப்பொதி வந்தது. ஈரத் துணியைக் கணப்பருகே உலர்த்திய அவரது உதவியாளர் ஜார்ஜ் விக்கர்ஸ் சில நாட்களில் இறந்தார். துணியோடு வந்த தெள்ளுப்பூச்சிகள்தான் பிளேக்கைக் கொண்டுவந்தன என்பது ஊர் சொல்லும் கதை.

அடுத்த கோடையில் பாதிரியார் வில்லியம் மொம்பெசன், பதவி பறிக்கப்பட்ட முந்தைய பாதிரியார் தாமஸ் ஸ்டான்லியுடன் சேர்ந்து ஊராரைச் சம்மதிக்க வைத்தார்: நோய் வெளியே பரவாதிருக்க யாரும் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. தேவாலயம் பூட்டப்பட்டது; கக்லெட் டெல்ஃப் பள்ளத்தாக்கில், திறந்தவெளியில் வழிபாடு நடந்தது. எல்லைக்கல்லில் குடைந்த குழிகளில் வினிகரை ஊற்றி, அதில் காசைப் போட்டார்கள். வெளியூரார் உணவை வைத்துவிட்டுக் காசை எடுத்துப் போனார்கள்.

எல்லைக்குள், எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டே நாட்களில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தார்.

மொம்பெசன் தன் பிள்ளைகளை மட்டும் முன்பே வெளியூர் அனுப்பியிருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மனைவி கேதரின் போக மறுத்து, 1666 ஆகஸ்டில் இறந்தார். மொத்தச் சாவு சுமார் 260. ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று ஈமில் இன்றும் நினைவு வழிபாடு நடக்கிறது.