அடுக்களைத் தரை

ஜோகூரில் செம்பனைத் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்க்கும் நான், சென்ற விடுமுறையில் பாலத்தைக் கடந்து உட்லண்ட்ஸிலுள்ள தமக்கையார் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவ்வீட்டின் அடுக்களையில் தரையோடுகள் பல இடங்களில் உப்பிப் பெயர்ந்து கிடந்தன. புதுத்தரை போடுவதென முடிவாகி, அத்தானும் தமக்கையாரும் தாயாரும் நானுமாக ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் தேக்குமரம் போல் ரேகை ஓடிய ஒரு பலகைத் துண்டை எடுத்துக் காட்டினார். லேமினேட்டுத் தரை என்று அதற்குப் பெயர். அத்தானுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. பெயர்ந்த ஓடுகளை மட்டும் சரிசெய்துவிட்டு மேலேயே பரப்பிவிடலாம், உடைக்கும் தொல்லை இல்லை என்றார். என் தாயாரோ கடைக்காரரிடம் மலாய் மொழியில் ஒரே கேள்விதான் கேட்டார்: “இதிலே தண்ணீர் ஊற்றிக் கழுவலாமா?” பிழிந்த துணியால் துடைத்தால் போதும் என்று விடை வந்தது. தாயார் துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது. அரண்மனைகளுக்கும் கோபுரங்களுக்கும் வரலாறு எழுதியோர் பலர். அடுக்களைத் தரைக்கு எழுதியோர் அரியர். ஆனால் தமிழர் அடுக்களை நெடுங்காலம் தரையிலேதான் நடந்தது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். அடுப்பு தரையில், அம்மியும் ஆட்டுக்கல்லும் தரையில், அரிவாள்மணையின் முன் அமர்வதும் தரையில், இலைபோட்டு உண்பதும் தரையில். மேசையும் நாற்காலியும் தரையே. அத்தகைய இடத்தில் சிந்திய மாவும் மீன் கழுவிய நீரும் நின்றால் குடும்பமே நோயுறும். ஆதலால் அதை நாள்தோறும் பெருக்கி மெழுகினர். கோயிலில் மெழுக்கிடுவதை அப்பர் பெருந்தொண்டாகப் பாடினார். வீட்டில் அதையே செய்த பெண்ணின் வேலைக்குத் தொண்டு என்ற பெயரும் கிடைக்கவில்லை, கூலியும் கிடைக்கவில்லை. சாணமிட்ட மண்தரையின் குளிர்ச்சியைப் புகழ்ந்துரைப்போரை இன்றும் காண்கிறோம். அவர்களுள் எத்தனை பேர் விடியுமுன் குனிந்து மெழுகியவர்கள் என்று கேட்டால் நன்று. என் பாட்டியார் லயத்து வீட்டில் பால்மரத்துக்குப் போகுமுன் அதைச் செய்துவிட்டுப் போனவர். அவர் முதுகு நிமிர்ந்து நான் பார்த்ததில்லை.

கல்லைப் போன்று கெட்டியாகவும் கண்ணாடி போன்று வழவழப்பாகவும் பூசும் வித்தையை நம்மவர் அறியாதவர்களா? நன்கு அறிந்தவர்களே. சிங்கப்பூரிலேயே அதற்குச் சான்று நிற்கிறது. 1856-இல் தொடங்கி 1861-இல் முதல் வழிபாடு நடந்த செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை எழுப்பியோர் இந்தியக் கைதிகள். சிப்பிச் சுண்ணாம்பில் முட்டையின் வெண்கருவையும் சர்க்கரையையும் சேர்த்து அடித்து, தேங்காய்மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்து, அவ்வாலயத்தின் சுவர்களிற் பூசித் தேய்த்து மெருகேற்றினர். சென்னைச் சுண்ணாம்பு என்றே அப்பூச்சுக்குப் பெயர். தமிழ்நாட்டிலும் கடுக்காயும் வெல்லமும் கூட்டிய சுண்ணாம்புக் காரை பெரிய வீடுகளின் தளத்திற்கும் மாடிக்கும் போயிற்று. குழைத்தவனுடைய அடுக்களைக்கு அது போகவில்லை. அங்கே மண்ணும் சாணமுமே.

ஏழையின் தரைக்கு விடிவு வந்தது சிமெண்டினால். ஜோசப் ஆஸ்ப்டின் என்னும் ஆங்கிலேயக் கொத்தனார் 1824-இல் அதற்கு உரிமைப்பட்டயம் பெற்றார். 1904-இல் சென்னையிலே கடற்சிப்பி கொண்டு சிமெண்டு செய்ய முயன்று, அது நிலைக்காமற் போயிற்று. 1914-இல் போர்பந்தரில் தொழில் வேரூன்றியது. சிமெண்டில் காவிநிறத் தூளைக் கலந்து பூசித் தேய்த்த சிவப்புத் தரையை நம்மில் நடுவயது கடந்தோர் மறந்திருக்கமாட்டார்கள். செட்டிநாட்டு ஆத்தங்குடியில் கண்ணாடிமேல் சாயச் சிமெண்டை ஊற்றி வார்க்கும் பூவோடுகளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. இவற்றின் பெரும்பேறு அழகன்று. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, விளக்குமாற்றால் தள்ளி, தூம்பு வழியே விட்டுவிடலாம் என்பதே. மெழுகுதல் ஒழிந்தது, கழுவுதல் வந்தது. ஒரு பெண்ணின் நாளில் ஒரு மணி நேரமாவது மிஞ்சிற்று. என் தாயாரின் கேள்வி இங்கிருந்து பிறந்தது.

இதற்கிடையில் அடுக்களையே எழுந்து நின்றுவிட்டது. 1926-இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் பெண் கட்டடக் கலைஞர் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத் தொழிலாளர் வீடுகளுக்காக, அடி எண்ணி அளந்து சிறிய சமையலறையொன்றை வகுத்தார். சிங்கப்பூரில் 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியபின் நம் மக்களும் மேடை வைத்த அடுக்களைக்கு மாறினர். ஆட்டுக்கல்லின் இடத்தில் மின்னெந்திரம் வந்தது. அடுக்குமாடியில் நம் தரை இன்னொருவரின் கூரை என்பதும் புதிதாக வந்த விஷயம். கீழ்வீட்டுக் கூரையில் நீர் கசிந்தால், அதைச் சீர்செய்யும் பொறுப்பு மேல்வீட்டாருக்கும் கீழ்வீட்டாருக்கும் பொதுவென்பது கழகத்தின் விதி. தரையில் சாந்தும் ஓடும் சேர்ந்து 50 மில்லிமீட்டருக்கு மேல் கனம் ஏறலாகாது என்றும் விதியுண்டு. ஆகவே ஓட்டின்மேல் ஓடாக அடுக்கிக்கொண்டே போகவும் இயலாது.

இனி லேமினேட்டின் வரலாற்றைப் பார்ப்போம். 1907-இல் லியோ பேக்லண்ட் கண்ட செயற்கைப் பிசினிலிருந்து இதன் வமிசம் தொடங்குகிறது. 1912-இல் அமெரிக்காவில் பிசினூட்டிய தாள்களை அழுத்தி ‘பார்மைக்கா’ செய்தனர். அது சமையல் மேடைகளின் மேல் ஏறியது. அதையொத்த பொருளைத் தரைக்கு இறக்கியது பெர்ஸ்டார்ப் என்னும் சுவீடன் நிறுவனம், 1977-இல். கடைக்கு வந்தது 1984-இல். பசையின்றி ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும் விளிம்புகள் 1990களின் பிற்பகுதியில் வந்தன. அதன்பின் உலகமெங்கும் பரவியது. கண்ணுக்குத் தெரியும் மரம் மரமன்று, அச்சிட்ட படம். படத்தின்மேல் கீறலைத் தாங்கும் மெலமைன் பிசின். படத்தின்கீழ் மரநாரை நொறுக்கிப் பசையிட்டு அழுத்திய அட்டை. மேற்புறம் நீரை எதிர்க்கும். இணைப்பின் வழியே உள்ளே போன நீரை அட்டை குடித்துவிடும். குளிர்நாட்டின் உலர்ந்த கூடத்திற்கு இது தக்க பொருள்தான். அதைக் குறைகூற நான் வரவில்லை.

தமக்கையார் வாதம் செய்யவில்லை. கடையிலிருந்து வாங்கிவந்த துண்டை இரவு ஒரு வாளி நீரில் போட்டுவைத்தார். காலையில் அதன் விளிம்புகள் பாலில் நனைந்த ரொட்டி போல் உப்பியிருந்தன. வெயிலில் காயவைத்தும் பழைய கனத்திற்குத் திரும்பவில்லை. நீரில் ஊறாத வேறு வகைகளும் உண்டு, சுண்ணாம்புக்கல் தூளைப் பிளாஸ்டிக்கோடு சேர்த்து வார்த்தவை. ஆனால் அவற்றின் இணைப்பிலும் நீர் புகுந்து கீழே தங்குவதற்கு வழியுண்டு. பலகை கெடாது, அடியில் நாற்றம் பிடிக்கும்.

அத்தானின் பக்கத்திலும் நியாயம் இருந்தது என்பதை மறைக்கலாகாது. மெருகேற்றிய ஓட்டின்மேல் சோப்பு நீர் நின்றால் எழுபது கடந்த கால்கள் நிற்கமாட்டா. தாயார் சென்ற ஆண்டு ஒருமுறை வழுக்கி மணிக்கட்டில் கட்டுப்போட்டுக் கொண்டவர்தாம். கழுவுவதையே விட்டுவிடுங்கள் என்பது அத்தானின் யோசனை. தரையில் அமர்ந்து சமைக்காதபோது வாளி வாளியாக நீர் எதற்கு என்றார். பாதி உண்மை. மற்றப் பாதியை, சனிக்கிழமைதோறும் மீன் வாங்கிவந்து கொடுத்துவிட்டுக் கூடத்தில் போய் உட்காருகிறவர் அறியார் என்று நான் சொன்னேன், அத்தான் சிரித்துவிட்டார்.

முடிவு தமக்கையாருடையது, அங்கே நின்று வேலை செய்பவர் அவர். சாம்பல் நிறத்தில், சொரசொரத்த முகமுள்ள ஓட்டை எடுத்தார். தூம்பை நோக்கிச் சிறிது சாய்த்துப் பதிக்கும்படியும், வாளிக்குப் பதில் குவளையால் கழுவுவதென்று தாயாரிடமும் பேசி முடித்தார். அத்தான் விரும்பிய மரப்படப் பலகை படுக்கையறைக்குப் போகிறது. பழைய ஓடுகளை உடைப்பதற்குக் கழகத்தின் அனுமதி வந்துவிட்டது. இடிக்கும் சத்தத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவரக் கீழ்வீட்டுச் சீன மூதாட்டியிடம் தாயாரே போயிருக்கிறார்.